வழுதுணை போன வழி

கத்தரிக்காயை ஆங்கிலத்தில் ‘எக் பிளாண்ட்’, அதாவது முட்டைச் செடி என்று ஏன் சொல்கிறார்கள்? இந்தக் கேள்விக்கான விடை தாமிரபரணிச் சீமையிலேயே காய்க்கிறது. வல்லநாட்டை ஒட்டியுள்ள கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி வெளியிட்ட கே.கே.எம். 1 என்ற ரகம், குளத்தூர்ப் பக்கத்து நாட்டுக் கத்தரியிலிருந்து தேர்ந்தெடுத்தது. காய் சிறியது; பால்வெள்ளை நிறம்; ஒரு கொத்துக்கு இரண்டு முதல் நான்கு வரை தொங்கும். பச்சைக் குல்லாய்போல் கவிந்திருக்கும் புல்லிவட்டத்தைக் கிள்ளிவிட்டுக் காயை மட்டும் ஒரு கூடையில் போட்டு வைத்தால், கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பவர் கோழிமுட்டை என்றுதான் நினைப்பார். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தோட்டத்து அழகுக்காக வளர்த்தது இப்படிப்பட்ட வெள்ளைக் காய்களைத்தான். பிறகு ஊதாக் காய் வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டது. பெயர் மட்டும் முட்டையாகவே நின்றுவிட்டது.

இது ஒரு பெயரின் கதை. அதே காயின் இன்னொரு பெயர், இதைவிட நெடுந்தூரம் போய், பல மொழிகளில் உருமாறி, கடைசியில் நம் தாமிரபரணியின் முகத்துவாரத்துக்கே கப்பலேறி வந்தது. அதைத்தான் இங்கே சொல்ல வேண்டும்.

தமிழில் கத்தரிக்கு வழுதுணை என்று ஒரு பழம்பெயர் உண்டு. வழுதுணங்காய், வழுதலை என்றும் வழங்கியது. நாலடியாரில் வழுதுணை வருகிறது. தகுதியில்லாதவர்கள் பட்டுடுத்தி வாழ்வதை இடித்துச் சொல்லும் பாட்டில் உவமையாக நிற்கிறது. ஔவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று, புல்வேளூர்ப் பூதன் இட்ட விருந்தைக் கொண்டாடுகிறது. வரகரிசிச் சோறு, வழுதுணங்காய் வாட்டு, புளித்த மோர்: விருந்து அவ்வளவுதான். ஏழை வீட்டு அடுப்பில் வதங்கிய காயாகத்தான் அந்தச் சொல் நமக்குக் கிடைத்திருக்கிறது.

இன்று பாளையங்கோட்டைச் சந்தையில் போய் வழுதுணை என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியாது. அங்கே கத்தரிக்காய்தான். ஆனால் சொல் வெகுதூரம் போய்விடவில்லை. தெற்கே ஆரல்வாய்மொழியைத் தாண்டிக் குமரி மாவட்டத்துக்குள் நுழைந்தால் வழுதலங்காய் காதில் விழும். மேற்கே செங்கோட்டை வழியாக ஆரியங்காவு கணவாயைக் கடந்தால் மலையாளத்தில் அது வழுதனங்ங. செங்கோட்டையும் குமரிப் பகுதியும் திருவிதாங்கூரோடும், பின்பு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தன, மாநில மறுசீரமைப்பில் கேரளத்தோடு சேராமல் தமிழ்நாட்டோடு சேர்ந்தன என்பதை நினைவில் வைத்தால், சொல்லின் எல்லையும் ஆட்சியின் எல்லையும் எப்படி விலகி நிற்கின்றன என்பது விளங்கும். நெல்லைக்காரர் ஒரு சொல்லின் கரையில் நிற்கிறார். ஒருபக்கம் அது அன்றாடப் பேச்சு. இந்தப் பக்கம் பாட்டில் மட்டும் வருவது.

கன்னடத்தில் கத்தரிக்காய்க்குப் பதனெ என்று பெயர். தெலுங்கில் வங்காய. கேட்டவுடன் வழுதுணையும் இவையும் வேறுவேறு சொற்கள் என்றே தோன்றும். ஆனால் தமிழ் ழகரம் இந்த இரண்டு மொழிகளிலும் அப்படியே தங்குவதில்லை. நம் மழை கன்னடத்தில் மளெ. நம் ஏழு தெலுங்கில் ஏடு. சொல்லின் முதலில் வரும் வகரமும் கன்னடத்தில் பகரமாகிவிடும்: வேர் அங்கே பேரு, விரல் அங்கே பெரளு. இந்த இரண்டு மாற்றங்களையும் வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள ‘ழு’ தேய்ந்துபோனதையும் சேர்த்துப் பார்த்தால், வழுதுணைக்கும் பதனெக்கும் நடுவே உள்ள தூரம் குறைந்துவிடும். தாமஸ் பர்ரோவும் மரே எமனோவும் 1961இல் வெளியிட்டு 1984இல் திருத்திப் பதிப்பித்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியில் இவை ஒரே குடும்பமாக நிற்கின்றன. வடமொழியின் ‘வாதிங்கண’ என்ற சொல்லும் இந்தக் குடும்பத்தோடு வைத்து எண்ணப்படுவது. கடன் எந்தப் பக்கத்திலிருந்து போயிருக்கும் என்று கேட்டால், என் முடிவு இது: வடமொழிச் சொல்லுக்கு அந்த மொழிக்குள் நேரான வேர் இல்லை, ‘வாதத்தை நீக்குவது’ என்று பிற்காலத்தில் சொன்ன விளக்கம், ஓசையைப் பார்த்துக் கட்டியது. திராவிட மொழிகளிலோ ஒவ்வொரு மொழியின் ஒலி இயல்புக்கும் ஏற்ப வடிவங்கள் இருக்கின்றன. ஒரு சொல் பல கிளைகளில் வேரோடு நிற்பதும் ஒரு கிளையில் ஒட்டாமல் நிற்பதும் போதுமான சாட்சி.

வடமொழியிலிருந்து சொல் பாரசீகத்துக்குப் போனது, அங்கே பாதிங்கான். அரபிக்காரர்கள் வாங்கிப் பாதிஞ்ஜான் ஆக்கினார்கள். அவர்களோடு காயும் வட ஆப்பிரிக்கா வழியாக ஸ்பெயினுக்குள் நுழைந்தது. அரபு மொழியில் பெயருக்கு முன்னால் ‘அல்’ என்ற சுட்டு சேரும். அல்பாதிஞ்ஜான் என்று தோட்டக்காரர் சொன்னதை, ‘அல்’லும் பெயரின் பகுதிதான் என்று எண்ணிக் கத்தலான் மொழிக்காரர்கள் அல்பெர்ஜீனியா என்று பிடித்துக்கொண்டார்கள். அதுவே பிரெஞ்சில் ஓபெர்ஜின் ஆனது. இன்று லண்டனில் உணவகப் பட்டியலில் ஓபெர்ஜின் என்று படிப்பவர், வழுதுணையின் எச்சத்தைத்தான் படிக்கிறார்.

ஆர்ட்டிசோக் என்ற காயும் இதே தோட்டத்தில்தான் பெயர் வாங்கியது. நம் பக்கத்துச் சந்தையில் அதைப் பார்ப்பது அரிது. முள்செடி ஒன்றின் விரியாத பூமொட்டு அது. செதில் செதிலாக உரித்து, அடியிலுள்ள சதையைத் தின்பார்கள். அரபியில் அல்கர்ஷூஃப். ஸ்பானியத்தில் அல்கார்ச்சோஃபா, வட இத்தாலியில் ஆர்ட்டிச்சோக்கோ, அங்கிருந்து 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு. கத்தரிக்குப் போலவே இதற்கும் ‘அல்’ ஒட்டிக்கொண்டே வந்தது. ஆங்கிலேயருக்கு இந்தச் சொல்லில் ஒன்றும் புரியவில்லை. சோக் என்றால் அவர்கள் மொழியில் தொண்டை அடைத்தல். மொட்டின் நடுவிலுள்ள இழைகள் தொண்டையில் சிக்கும் என்பதால் அதுதான் காரணம் என்று முடிவுகட்டினார்கள். முன்பாதியைச் சிலர் ‘ஹார்ட்’ என்று எழுதி, நெஞ்சை அடைப்பது என்று பொருள் கொண்டார்கள். இன்னொரு விந்தையும் நடந்தது. ஐரோப்பாவில் உருமாறிய அந்தச் சொல் மறுபடி சிரியா, லெபனான் பக்கம் திரும்பியபோது, அங்குள்ள அரபிக்காரர்களுக்குத் தங்கள் சொந்தச் சொல்லே அடையாளம் தெரியவில்லை. ‘அர்தீ ஷவ்கீ’ என்று திருத்தி, நிலத்து முள் என்று புதுப்பொருள் கொடுத்து வைத்துக்கொண்டார்கள்.

கத்தரிக்காய்க்கு இதைவிட மோசமான கதி. இத்தாலியர் அதை மெலன்ட்ஸானா என்றார்கள். ‘மேலா’ என்றால் ஆப்பிள். மீதியை ‘இன்ஸானா’ என்று படித்தார்கள், புத்தி பேதலித்தது என்று பொருள். ஆக, பைத்தியக்கார ஆப்பிள். அரபு மருத்துவ நூல்கள் கத்தரிக்காய் மனச்சோர்வை உண்டாக்கும் என்று பழி சொல்லியிருந்ததும் இதற்குத் துணை நின்றது. நம் வீடுகளிலும் சொறி, சிரங்கு, புண் என்றால் பத்தியத்தில் முதலில் விலக்குவது கத்தரிக்காயைத்தான். காயின்மேல் உள்ள சந்தேகம் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறது. இத்தாலியில் மட்டும் அது பெயருக்குள்ளேயே புகுந்துவிட்டது.

அங்கே நிற்காமல் அறிவியலுக்குள்ளும் அது புகுந்தது. லின்னேயஸ் 1753இல் கத்தரிக்குச் சொலானம் மெலோஞ்செனா என்று பெயர் வைத்தார். மெலோஞ்செனா என்பது அரபு பாதிஞ்ஜானின் வழிவந்த லத்தீன் வடிவம். ஆக, உலகத்துத் தாவரவியலார் அனைவரும் எழுதும் பெயருக்குள்ளும் வழுதுணை உட்கார்ந்திருக்கிறது. கத்தரியின் முன்னோடி என்று இன்று கருதப்படும் காட்டுச் செடி ஒன்று உண்டு. தண்டிலும் இலையிலும் முள். காய் சிறியது, கசப்பு. தென்னிந்தியத் தரிசுகளிலும் சாலையோரங்களிலும் தானாக வளரும். அதற்கு அவர் 1767இல் கொடுத்த பெயர் சொலானம் இன்ஸானம். யாரையும் எதுவும் செய்யாமல் நம் ஊர் வெயிலில் நிற்கும் ஒரு முட்செடி, இத்தாலியக் காதுக்குத் தப்பாகக் கேட்ட ஓர் ஓசையால் நிரந்தரமாகப் பைத்தியம் என்ற பட்டம் சுமக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

வடக்கே இன்னொரு கதை. இந்தி பைங்கன், வங்காளி பேகுன். ‘பே’ என்றால் இல்லாதது, ‘குன்’ என்றால் குணம்; ஆக, குணம் இல்லாதது என்று பிரித்துச் சொல்வார்கள்.

ஸ்பெயினுக்குப் பக்கத்திலிருந்த போர்ச்சுகீசியர் காயைப் பெரிஞ்ஜெலா என்றார்கள். 1498இல் கள்ளிக்கோட்டையில் இறங்கிய அவர்கள், அடுத்த அரைநூற்றாண்டுக்குள் முத்துக்குளித்துறைக் கரையெங்கும் பரவினார்கள். தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் அவர்களுக்குக் கோட்டையும் கோயிலும் இருந்தன. தமிழில் முதன்முதலாக அச்சேறிய நூல்களில் ஒன்றான ‘தம்பிரான் வணக்கம்’ (1578) தந்த அண்டிறிக்கு அடிகளார் இந்தக் கரையில் ஊழியம் செய்தவர். அந்தத் துறையில் ஒரு மாலுமி உள்ளூர்ச் சந்தையில் கத்தரிக்காயைக் கண்டு பெரிஞ்ஜெலா என்று சொல்லியிருந்தால், உலகைச் சுற்றிய சொல் தாய்வீட்டு வாசலுக்கு வந்து நின்றது என்று பொருள். ஆனால் தமிழ் அதை உள்ளே விடவில்லை. சாவி, ஜன்னல், அலமாரி, அன்னாசி என்று போர்ச்சுகீசியச் சொற்களைத் தாராளமாக வாங்கிய நாம், இதை வாங்கத் தேவையில்லாமல் இருந்தோம். கத்தரி என்ற பெயர் கையிலேயே இருந்தது. ஆங்கிலேயர்தான் போர்ச்சுகீசியரிடமிருந்து எடுத்து ‘பிரிஞ்சால்’ என்று ஆக்கினார்கள். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போன பிரிஞ்சால் அங்கே ‘பிரவுன் ஜாலி’ ஆயிற்று. பழுப்பு என்றும் மகிழ்ச்சி என்றும் பொருள்படும் இரண்டு சொற்கள். காய்க்கும் அவற்றுக்கும் ஒட்டுமில்லை. தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த பர்னெல், யூல் என்பவரோடு சேர்ந்து தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன் ஜாப்சன்’ அகராதி இந்தச் சொல்லுக்கு வந்து சேரும்போது வியந்து நிற்கிறது: பொருள் மாறாமலே இத்தனை உருவம் எடுத்த சொல் வேறு இராது என்கிறது.

சொல்லைத் தோண்டிப் பார்க்கும் இந்த வேலையில் திருநெல்வேலிக்குத் தனி இடம் உண்டு. 1841இல் இடையன்குடிக்கு வந்து நெடுங்காலம் அங்கே பணிசெய்த கால்டுவெல், 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், வடமொழி தென்மொழிகளிலிருந்தும் சொற்களை வாங்கியிருக்கிறது என்று எடுத்துக்காட்டுகளோடு எழுதினார். அவருக்கும் முன்னால், 1836வாக்கில், இளைஞராக வந்து திருநெல்வேலியில் பாதிரியார் ரேனியசோடு இருந்தவர் ஹெர்மன் குண்டர்ட். பிறகு தலைச்சேரிக்குப் போய் மலையாள அகராதி தந்த அவர், வடமொழியில் உள்ள திராவிடக் கூறுகளைப் பற்றி 1869இல் ஜெர்மன் மொழியில் ஒரு கட்டுரை எழுதினார். வழுதுணையின் தடத்தை இன்று நாம் பிடிக்க முடிவதற்கு இவர்கள் போட்ட பாதையே காரணம்.

அடுத்த தலைமுறையில் இந்த மண்ணே ஆட்களைத் தந்தது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை நெல்லைச் சீமைக்காரர். ‘தமிழகம் ஊரும் பேரும்’ எழுதிய ரா.பி. சேதுப்பிள்ளை, தாமிரபரணிக் கரையிலுள்ள இராசவல்லிபுரத்தில் பிறந்தவர். 1974இல் தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் தலைவர் தேவநேயப் பாவாணர் பிறந்தது சங்கரன்கோவிலில். மூவரும் 1891க்கும் 1902க்கும் இடையில் பிறந்தவர்கள். வையாபுரிப் பிள்ளை ஒரு தமிழ்ச் சொல்லைக் கண்டால் அது வடமொழிக் கடனா என்று முதலில் பார்ப்பார். பாவாணர் வடமொழிச் சொல்லைக் கண்டால் அதன் தமிழ் வேர் எங்கே என்று தேடுவார். இருவரும் பல இடங்களில் எல்லை தாண்டிப் போனார்கள் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அகராதியைத் திறக்கும்போது இருவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஒருவர் காணாமல் விட்டதை மற்றவர் கண்டிருப்பார்.

வழுதுணைக்கு என்ன பொருள் என்று கேட்டால் நமக்கும் கதை கட்ட ஆசை வரும். வழுவழுப்பான தோல், அதனால் வழுதுணை என்று சட்டென்று சொல்லிவிடலாம். வழுதி என்பது பாண்டியர் பெயர். கொற்கை அவர்கள் துறைமுகம். எனவே பாண்டிய நாட்டுக் காய் என்றுகூட ஒருவர் மேடையில் முழங்கினால் கைதட்டல் விழும். இரண்டையும் நான் ஏற்க மாட்டேன். கன்னடப் பதனெயையும் தெலுங்கு வங்காயையும் மலையாள வழுதனங்ஙவையும் ஒருசேர விளக்காத எந்தப் பொருளும், பைத்தியக்கார ஆப்பிளோடும் நெஞ்சடைக்கும் மொட்டோடும் ஒரே பந்தியில் உட்காரத்தக்கதுதான்.

ஊர்ப்பெயரிலேயே இந்த ஆசையை நாம் பார்த்திருக்கிறோம். நைவேத்தியத்துக்குக் காயப்போட்ட நெல்லை மழை நனைக்காமல் இறைவன் வேலியாக நின்று காத்தான், அதனால் நெல்வேலி என்று தலபுராணம் சொல்லும். நதிக்குத் தமிழ்ப் பெயர் பொருநை, தண்பொருநை. தாமிரபரணி என்ற பெயருக்குச் செம்பு நிற இலை என்று பொருள் சொல்வார்கள். இதே பெயர் பாலி மொழியில் தம்பபண்ணி என்று இலங்கையைக் குறித்தது. கிரேக்கர் அதைத் தப்ரோபனே என்று எழுதினார்கள். ஒரு பெயர் ஆற்றுக்கும் தீவுக்கும் பொதுவாக இருந்திருக்கும்போது இலையின் நிறத்தோடு கணக்கை முடித்துவிட முடியாது.

காய்கறிப் பெயர்களில் நெல்லைச் சமையலறை இன்னும் தனி நாடாகத்தான் இருக்கிறது. சென்னையில் பரங்கிக்காய் என்பது இங்கே பூசணிக்காய். சென்னையின் பூசணி இங்கே தடியங்காய். அவியலுக்கும் மோர்க்குழம்புக்கும் அது வேண்டும். பரங்கி என்ற சொல்லில் ஐரோப்பியர் இருக்கிறார். கடல் தாண்டி அமெரிக்காவிலிருந்து வந்த அந்தக் காய்க்குப் பொருத்தமான பெயர்தான், ஆனால் நெல்லை அந்த அடையாளத்தைப் போடாமலே அதை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டது. கொத்தவரங்காய் இங்கே சீனியவரைக்காய். சர்க்கரைவள்ளிக்கிழங்கு என்று மற்ற ஊரில் சொல்வது இங்கே சீனிக்கிழங்கு. மரவள்ளி இங்கே மரச்சீனி. சீனி என்றால் நெல்லையில் வெள்ளைச் சர்க்கரை. அந்தச் சொல்லின் அடியில் இருப்பது சீன நாட்டின் பெயர். மரவள்ளியும் சீனிக்கிழங்கும் அமெரிக்க மண்ணில் பிறந்தவை. தக்காளியும் அப்படித்தான்: மணத்தக்காளிபோன்ற உள்ளூர்ச் செடிகளுக்கு இருந்த பழம்பெயரை, கடல் கடந்து வந்த செடி எடுத்துக்கொண்டுவிட்டது. மிளகாயோ மிளகின் பெயரை வாங்கி, மிளகையே பல கறிகளிலிருந்து ஒதுக்கிவிட்டது.

இந்தப் பெயர்கள் இப்போது வேகமாக மறைகின்றன. பேரங்காடிகளில் ஒட்டும் சீட்டில் ஒரே பெயர்தான் அச்சாகிறது. பெரும்பாலும் சென்னைப் பெயர், இல்லாவிட்டால் ஆங்கிலப் பெயர். கைப்பேசியில் காய்கறி வாங்கும் பிள்ளைக்குத் தடியங்காய் என்று தட்டினால் ஒன்றும் வராது. வழுதுணை நெல்லையில் எப்போது வழக்கொழிந்தது என்று யாரும் எழுதி வைக்காததால்தான் இன்று அதை அகராதியில் தேட வேண்டியிருக்கிறது. தடியங்காய்க்கும் சீனியவரைக்கும் அந்த நிலை வரக்கூடாது.

கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டாரத்துக்கு ஒரு வழக்குச் சொல்லகராதி தந்தார். தாமிரபரணிப் பாசன ஊர்களுக்கும் அதுபோல ஒன்று வேண்டும். குறைந்தது காய், கிழங்கு, கீரைப் பெயர்களுக்காவது. பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை ஊர் ஊராகப் போய், ஒரே காய்க்கு எந்த ஊரில் என்ன பெயர், எந்த வயதுக்காரர் சொல்கிறார், எந்த ரகத்தைச் சொல்கிறார் என்று குறிக்க வேண்டும். நெல்லையின் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் கிள்ளிகுளத்தின் வேளாண் ஆசிரியர்களும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை இது. பெயரை மொழிக்காரர் எழுதுவார், செடியை வேளாண்மைக்காரர் அடையாளம் காட்டுவார். அதுவரை, இதைப் படிக்கும் நீங்கள் உங்கள் வீட்டில் மூத்தவர் சொல்லும் பெயர்களை ஊர்ப்பெயரோடும் தேதியோடும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.